கண்ணாடி மாட்டினா ரூம் பெருசாயிடுமா?

"சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட பத்து வழிகள்". இந்தத் தலைப்புல இதுவரைக்கும் எத்தனை படிச்சிருப்போம்? பத்திரிகை இணைப்பு, வாட்சப் ஃபார்வர்டு, ரீல்ஸ்னு எங்க பாத்தாலும் அதே பத்து வழிதான். வெள்ளை பெயிண்ட் அடி, ஆளுயரக் கண்ணாடி மாட்டு, ஃபால்ஸ் சீலிங் போட்டு குட்டிக் குட்டியா லைட் வை, பழசையெல்லாம் தூக்கிப் போடு. இதை நம்பி, பொட்டி தட்டி சம்பாதிச்ச காசுல நாப்பதாயிரத்துக்கு மேல மொய் எழுதின ஒருத்தனோட புலம்பல் இது. கேளுங்க மக்களே.

நமக்கு மேடவாக்கம் பக்கம் ரெண்டு பெட்ரூம் அபார்ட்மெண்ட். ரெண்டாவது ரூம் 10க்கு 10. அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா திருநெல்வேலி பக்கம் ஊர்ல தனியா இருந்தாங்க. இனிமே எங்ககூடதான்னு நானும் தங்கமணியும் முடிவு பண்ணி, அம்மா வர்றதுக்குள்ள அந்த ரூமை "ரெடி" பண்ணோம். பத்து வழியையும் ஒண்ணு விடாம செஞ்சோம். அடியில சாமான் வைக்கிற மாதிரி 5 அடி அகலக் கட்டில், எதிர்ல ஆளுயரக் கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங். போட்டோ எடுத்துப் பாத்தா ஓட்டல் ரூம் மாதிரி ஜொலிச்சுது.

அம்மா ஒரு டிரங்குப் பெட்டியோட, தன்னோட தையல் மிஷினையும் கொண்டு வந்தாங்க. மிஷினை வைக்க இடம் இல்ல. பால்கனிக்குப் போயிடுச்சு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருச்சப்போ கண்ணாடியில யாரோ நிக்கறாங்கன்னு பயந்து, கட்டில் முனையில முட்டியை இடிச்சுக்கிட்டாங்க. பன்னெண்டாம் நாள், "எய்யா, ரூமு பாக்க நல்லாத்தான் இருக்கு. கால வைக்கத்தான் இடமில்ல"ன்னு சொல்லிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி டேப்பை எடுத்து அளந்தேன். இஞ்சினியரிங் படிச்சதுக்கு அன்னைக்காவது உபயோகமா ஒரு வேலை செஞ்சேன்.

ரூம் 100 சதுர அடி. கட்டில் 5க்கு 6.5, அதாவது 32.5. பீரோ 3க்கு 1.5, அது 4.5. பீரோ கதவு திறக்க முன்னாடி இன்னொரு 4.5. ரூம் கதவு உள்பக்கம் திறக்குது, இரண்டரை அடிக் கதவு கால் வட்டம் அடிச்சா கிட்டத்தட்ட 5. மொத்தம் 46.5. ஆக பாதி ரூம் ஆள் நுழையறதுக்கு முன்னாடியே காலி! கண்ணாடி மாட்டினா மிச்ச 53.5 சதுர அடி 107 ஆயிடுமா? கண்ணாடிக்குள்ள தெரியுற இடத்துல தையல் மிஷினைப் போட முடியுமாய்யா?

அதுவும் ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினாலாவது வெளிச்சம் கூடும். நான் மாட்டினது பீரோவுக்கு எதிர்ல. ஒரு பீரோ ரெண்டு பீரோவாச்சு. அவ்வளவுதான்.

ஃபால்ஸ் சீலிங் இன்னொரு கொடுமை. வசிக்கிற ரூமுக்கு குறைஞ்சது 2.75 மீட்டர், அதாவது 9 அடி உயரம் வேணும்னு தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்லுது. நம்ம வீட்டுல இருந்ததே 9 அடி சொச்சம். அதுல அரை அடியை நானே காசு கொடுத்து மூடினேன். கூரையைத் தாழ்த்தி ரூமைப் பெருசாக்குற வித்தையை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சாரோ!

அதே தொகுப்பு இன்னொண்ணும் சொல்லுது. வீட்டுல ஒரே ஒரு ரூம்னா 9.5 சதுர மீட்டர் இருக்கணும். ரெண்டு இருந்தா ஒண்ணு 9.5, இன்னொண்ணு 7.5 இருந்தா போதும். நம்ம 10க்கு 10, 9.29 சதுர மீட்டர். விதிப்படி ரெண்டாவது ரூமாத்தான் அது பாஸ். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியான்னு சொல்றதுல வீட்டுக்குள்ள இருக்கிற தடுப்புச் சுவரும் சேர்த்தி. சுவத்து மேலயா படுக்க முடியும்? வீடு வாங்குறப்போ கொடுத்த பிரவுசர்ல வரைஞ்சிருந்த கட்டிலை ஸ்கேல் வச்சு அளந்தேன். நீளம் 5 அடி! யாரைப் படுக்க வைக்க வரைஞ்சாங்களோ தெரியல. வீடு வாங்கப் போறவங்க படத்தை நம்பாம, உங்க கட்டிலோட அளவை எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க.

எல்லாத்தையும் திட்டல. வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அது நிஜம். திரைச்சீலைக் கம்பியை ஜன்னலை விட அகலமா போட்டா துணி கண்ணாடியை மறைக்காது, அதுவும் நிஜம். ஆனா இதெல்லாம் கண்ணுக்கு. காலுக்கு வேண்டியது தரை.

அப்புறம் நான் செஞ்சது இது. பெரிய கட்டிலை வித்துட்டு 3க்கு 6.25 கட்டில் போட்டேன். கதவை ஹால் பக்கம் திறக்கிற மாதிரி மாத்தினேன். வயசானவங்க உள்ள விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. அந்த ஒரு காரணமே போதும். பீரோ எங்க ரூமுக்கு வந்துடுச்சு. அம்மா துணிக்கு கை எட்டுற உயரத்துல ஒரு அடி ஆழத்துல 3 அடி ஷெல்ஃப், கதவுக்குப் பதிலா திரை. சீலிங்கைப் பிரிச்சாச்சு, கண்ணாடியைக் கழட்டியாச்சு. ஜன்னல் ஓரமா தையல் மிஷின். இப்ப அடைச்சிருக்கிறது 26 சதுர அடி சொச்சம். மிச்சம் 74 நடக்குறதுக்கு.

பீரோ வந்த எங்க ரூம் என்னாச்சு? கட்டிலைத் தூக்கிட்டு மெத்தையைச் சுருட்டி வைக்கிற கட்சிக்கு நாங்க மாறிட்டோம். பொட்டி தட்டுற மக்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, எட்டு மணி நேரத் தேவைக்கு இருபத்தி நாலு மணி நேரமும் மெமரியைப் பிடிச்சு வச்சிருக்கிறதுதான் கட்டில். பாய் அப்படியில்ல, வேலை முடிஞ்சதும் இடத்தை விட்டுடும். ஜப்பான்காரன் ஆறு டாடாமி பாய் விரிச்ச ரூம்னு சொல்றது கிட்டத்தட்ட நம்ம 10க்கு 10தான். படுக்கையை காலையில மடிச்சு அலமாரியில வச்சுட்டா அதே ரூம் பகல்ல வேற ரூம். பத்தமடைப் பாய்க்குப் பக்கத்துல பொறந்துட்டு இதை ஜப்பானைப் பாத்து நான் கத்துக்கணுமா?

"முட்டிவலிக்காரங்களை தரையில படுக்கச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. அதனாலதான் அம்மாவுக்குக் கட்டில், எங்களுக்குப் பாய். இடம் வேணும்னா வீட்டுல யாராவது எதையாவது விட்டுக் கொடுக்கணும். பத்து வழிக்காரங்க எப்பவும் பெரியவங்களோட டிரங்குப் பெட்டியைத்தான் விடச் சொல்றாங்க. நம்ம கட்டிலையும் ஷோகேஸையும் யாரும் தொடறதில்ல. அதுதான் எனக்கு எரிச்சல்.

அம்மா திரும்பி வந்து நாலு மாசம் ஆகுது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் பிளவுஸ் தச்சுக் கொடுக்கிறாங்க. ரூம் முழுக்க துணியும் நூலும்தான். போட்டோவுக்கு லாயக்கில்ல.

டிஸ்கி: ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு, கீறல் இல்லாம, பாதி விலைக்கு இருக்கு. இப்ப பிளவுஸ் போட்டுப் பாக்க வேணும்னு அம்மா கேக்கறாங்க. அதனால அதையும் விக்கிறதா இல்லையான்னு யோசனை. ஹி ஹி.