வழிப்போக்கனிடம் எதற்கு வசதிச் சான்று?

  

திருவண்ணாமலை செங்கம் சாலையில் நின்று பாருங்கள். ரமணாசிரமம் தேடி வரும் வெளிநாட்டினர் பலர் சொந்த வீட்டில் இருந்தபடியே இ-விசா எடுத்து வருகிறார்கள். வரட்டும், நம் கடைகளிலும் வியாபாரம் நடக்கிறது. ஆனால், இதே மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகவும் சரக்குக்காகவும் பறக்கும் நம்மவர், விமானம் மாறும் ஊரில் பத்து மணி நேரம் காத்துக் கிடந்தாலும் வெளியே கால் வைக்க முடிகிறதா?

சிங்கப்பூரை எடுத்துக் கொள்வோம். அவ்வழியே வேறு நாடு செல்லும் இந்தியர் 96 மணி நேரம் விசா இல்லாமல் தங்கலாம் என்கிறது அந்நாடு. ஆஹா, என்ன தாராளம்! நிபந்தனையைப் படியுங்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டில் ஒன்றின் செல்லத்தக்க விசா கையில் இருக்க வேண்டும். ரியாத்தில் பத்தாண்டு வியர்வை சிந்தியவரின் இகாமா அங்கே செல்லாது!

சீனாவோ 2024 டிசம்பர் 17 முதல் 54 நாட்டினருக்கு 240 மணி நேர அனுமதி தந்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

"விட்டால் அங்கேயே தங்கிவிடுவார்கள்" என்பார்கள். அடுத்த பயணத்துக்கான டிக்கெட் கையில் இருக்கிறது. சேரும் ஊரில் வேலையும் சம்பளமும் காத்திருக்கிறது. அமெரிக்க விசா தரும் உறுதியை இகாமா ஏன் தராது? இது பாதுகாப்பா, பணக்கார நாட்டு முத்திரைக்குப் போடும் சலாமா?

இஸ்லாம் வழிப்போக்கனின் சொத்துக் கணக்கைக் கேட்கவில்லை. அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்தது. விருந்தோம்பல் மூன்று நாள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

இதற்கு நெருக்கமான ஏற்பாடு ஒன்று இன்று உண்டு. 2023 ஜனவரி இறுதியில் சவூதி அரேபியா, சவூதியா, ஃபிளைநாஸ் விமானங்களில் டிரான்சிட் செல்வோருக்கு டிக்கெட்டோடு சேர்த்தே 96 மணி நேர விசாவைக் கட்டணமின்றி அறிவித்தது. அதில் உம்ரா செய்யலாம், மதீனா பள்ளிக்கும் செல்லலாம். ஹஜ்ஜுக்கு மட்டும் செல்லாது. ஐக்கிய அரபு அமீரகமும் விமான நிறுவனம் மூலம் முன்கூட்டி விண்ணப்பிப்போருக்கு 48 மணி நேர டிரான்சிட் விசாவை இலவசமாகவும், 96 மணி நேர விசாவை 50 திர்ஹத்துக்கும் வழங்கியது. இளைஞர்களே, இதை உங்கள் ஏஜெண்ட் சொன்னாரா? டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்திடமே கேளுங்கள்!

அடுத்தவர் கதவை மட்டும் தட்டினால் போதுமா? நம் கதவு எப்படி இருக்கிறது? கொழும்பிலிருந்து வந்து சென்னையில் விமானம் மாறும் தமிழ்ச் சகோதரர், சில மணி நேரம் இருந்தாலும் விசா இல்லாமல் வெளியே வந்து உறவினரைப் பார்க்க முடியாது. விருந்தாளியைத் திண்ணையிலேயே உட்கார வைத்துவிட்டு, அடுத்த வீட்டில் விருந்து கேட்பது என்ன நியாயம்?

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2026 ஜனவரியில் ஜெர்மன் சான்சலர் மெர்ஸ் இந்தியா வந்தபோது, அந்நாட்டு விமான நிலையங்களில் விமானம் மாறும் இந்தியருக்கு டிரான்சிட் விசா தேவையில்லை என அறிவிக்கப்பட்டது. பெரிய கம்பெனி அதிகாரிக்காகப் பேசத் தெரிந்த அரசுக்கு, வளைகுடாத் தொழிலாளிக்காகப் பேச வாய் இல்லையா?

நம் கோரிக்கைகள் இரண்டு. வளைகுடாக் குடியிருப்பு அட்டையையும் ஏற்கும்படி சிங்கப்பூர் போன்ற நாடுகளிடம் மத்திய அரசு பேச வேண்டும். சென்னையில் விமானம் மாறுவோருக்கு நம் நாடும் குறுகிய நேர நுழைவு அனுமதி தர வேண்டும்.

ஜமாஅத்துகளும் வணிகர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை மனுவாக எழுதி, திருவண்ணாமலை, ஆரணி தொகுதி எம்.பி.க்களிடம் நேரில் கொடுக்கட்டும். அன்னியச் செலாவணி அனுப்பும்போது நம் பிள்ளை நாட்டின் செல்வம், வழியில் நிற்கும்போது மட்டும் சந்தேகத்துக்குரியவனா? கேட்போம்! பதில் வரும்வரை கேட்போம், இன்ஷா அல்லாஹ்!