வேலை போச்சு, தவணை நிக்கல: வசூல் ஏஜென்டிடம் என்ன பேசலாம், யாரிடம் எழுதிக் கேட்கணும்?

சம்பளம் நின்ற மாதத்தில் முதலில் வருவது கடிதம் இல்லை, போன். "சார், இன்னைக்கு ஈவினிங்குள்ள கட்டிடுங்க, இல்லன்னா ஃபைல் ஃபீல்டுக்குப் போயிடும்" என்று ஒரு குரல். பேசுகிறவர் யார், எந்த ஊர் என்பது தெரியாது. ஆனால் கடன் வாங்கியவரின் முகவரி, பாக்கித் தொகை, சிபாரிசுக்குக் கொடுத்த மாமா நம்பர் வரை அவரிடம் இருக்கும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் இந்தப் போன் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வரலாம். பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை போய் ஊர் திரும்பிய மகனுக்கு பர்சனல் லோன் பாக்கி. மகன் அனுப்பும் பணத்தை நம்பி குழு லோன் வாங்கிய அம்மாவுக்கு வாரத் தவணை பாக்கி. வருமானம் ஒன்றுதான் நின்றது, கடன் இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த நிலையில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். எங்கேயாவது புரட்டிக் கட்டுகிறார்கள், அல்லது போனை சுவிட்ச் ஆஃப் செய்கிறார்கள். தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி முறையாகக் கேட்பது என்ற வழி இருப்பது தெரிந்தவர்களும்கூட, அதைக் கேட்பது பெரும்பாலும் தப்பான ஆளிடம்.

ஏஜென்ட் கையில் எதுவும் இல்லை

வசூல் ஏஜென்சி என்பது கடன் கொடுத்த நிறுவனம் வெளியே அமர்த்தியிருக்கும் ஆள். எவ்வளவு வசூல் ஆகிறதோ அதற்கேற்ப கமிஷன் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. கடன் காலத்தை நீட்டுவதோ வட்டியைத் தள்ளுவதோ அந்த ஆளின் அதிகாரத்தில் இல்லை. "நான் பேசி முடிச்சுத் தர்றேன்ணா" என்று அவர் சொன்னால், கடன் கொடுத்த நிறுவனத்தின் லெட்டர் வரும்வரை அது வெறும் பேச்சு.

அதே சமயம், ஏஜென்ட் செய்யும் தப்புக்குப் பொறுப்பு அந்த நிறுவனம்தான். "அது வெளி ஏஜென்சிங்க, எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது என்பதில் ரிசர்வ் வங்கி தெளிவாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், தவணை பாக்கிக்காக டிராக்டரை எடுத்துச் செல்ல வந்த இடத்தில், கர்ப்பிணிப் பெண் ஒருவர் அந்த டிராக்டர் ஏறி இறந்தார். அதே மாதம் 22ஆம் தேதி, வெளி ஏஜென்டுகளை வைத்து வசூல் செய்வதை உடனே நிறுத்தும்படி மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஃபைனான்ஷியல் சர்வீசஸ் நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2023 ஜனவரியில்தான் தடை நீங்கியது.

2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் பாக்கி கேட்டு போன் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, நாலு பேர் முன் அவமானப்படுத்தக்கூடாது, உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யக்கூடாது. குழு லோன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு நேரம் இன்னும் குறைவு: காலை 9 முதல் மாலை 6 வரைதான். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்துவதும் அந்த விதிகளில் தடை செய்யப்பட்ட முறைதான். "நாளைக்கு போலீஸ் வரும்க்கா" என்பது அந்த வகை.

தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரலில் சட்டமன்றம் தனியாக ஒரு மசோதாவை நிறைவேற்றி, அது சட்டமாகிவிட்டது. கடன் வசூலில் வலுக்கட்டாயம் செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இத்தனை விதியும் ஏஜென்ட் எப்படிப் பேசக்கூடாது என்பதைச் சொல்கின்றன. தவணையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கடன் கொடுத்தவரைக் கட்டாயப்படுத்தும் விதி இவற்றில் எதுவும் இல்லை. அது ஒவ்வொரு நிறுவனத்தின் போர்டு வகுத்த கொள்கையைப் பொறுத்தது. அதனால்தான் எப்படிக் கேட்கிறோம், எந்த எண்ணைச் சொல்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

எவ்வளவு சொல்வது?

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பாக்கி அசல் 1,80,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம், தவணை 8,500 என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகக் கட்டினால் சுமார் 26 மாதத்தில் கடன் முடியும். இனி போகும் வட்டி ஏறக்குறைய 38,000.

வேலை போய், திருவண்ணாமலையில் ஒரு கடையில் 14,000 சம்பளத்துக்குச் சேர்ந்தவரால் 8,500 கட்ட முடியாது. ஏஜென்டின் நச்சரிப்பு தாங்காமல் "மாசம் மூவாயிரம் கட்டிடறேன்" என்று சொல்லிவிடுகிறார். இங்கேதான் சிக்கல். அந்தக் கடனுக்கு முதல் மாத வட்டியே 2,700 ரூபாய். 3,000 கட்டினால் அசலில் கழிவது 300 மட்டும். இந்த வேகத்தில் கடன் முடிய கிட்டத்தட்ட 13 வருஷம் ஆகும். 2,700க்குக் கீழே போனால் முடியவே முடியாது, மேலே ஏறும்.

5,000 என்று பேசி முடித்தால் 52 மாதம், வட்டி சுமார் 81,000. 4,000 என்றால் 75 மாதத்தைத் தாண்டும், வட்டி 1,20,000க்கு மேல். ஆக, சின்னத் தவணை என்பது தள்ளுபடி இல்லை. மூச்சு விட நேரம் கிடைக்கிறது, அதற்கு விலை இருக்கிறது. நிலைமை தற்காலிகம் என்றால், மூன்று முதல் ஆறு மாதம் வரை வட்டி அளவுக்குக் கட்டிவிட்டு அப்புறம் பழைய தவணைக்குத் திரும்புவதாகக் கேட்பது, ஒரேயடியாகக் காலத்தை நீட்டுவதைவிட மலிவு. நிலைமை மாறவே மாறாது என்றால் காலத்தை நீட்டுவதோடு வட்டி விகிதத்தையும் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

எண்ணை முடிவு செய்யும்போது வாடகை, அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவோ அதைச் சொல்லணும். பேச்சுக்காகக் கூட்டிச் சொல்லிவிட்டு இரண்டாவது மாதமே தவறினால், அடுத்த முறை யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கேட்பது வாயால் அல்ல, எழுத்தில். கடன் கணக்கு எண், வேலை போன தேதி, அதற்கான சான்று (நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம், சம்பளம் நின்றதைக் காட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்), இப்போதைய வருமானம், கட்டக்கூடிய தொகை, எத்தனை மாதத்துக்கு. ஒரு பக்கம் போதும். அனுப்ப வேண்டியது ஏஜென்சிக்கு இல்லை, கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியின் மெயிலுக்கு, கிளைக்கு ஒரு பதிவுத் தபால். ஏஜென்ட் போன் செய்தால், "கம்பெனிக்கு எழுதியிருக்கேங்க, பதில் வந்ததும் சொல்றேன்" என்று ஒரே பதில். போனை எடுக்காமல் இருப்பதைவிட இது பாதுகாப்பு, ஏனென்றால் கட்ட மனமில்லாமல் ஓடுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது.

குழு லோனுக்கு கையில் ஒரு பிடி கூடுதலாகவே உண்டு. கட்டச் சிரமப்படும் கடன்தாரரை அடையாளம் கண்டு, அவருடன் பேசி, என்ன வழி இருக்கிறது என்று சொல்லும் ஏற்பாட்டை நிறுவனமே வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகள் சொல்கின்றன. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டாதபடிதான் கடன் கொடுக்கவும் வேண்டும். நேரில் வரும் வசூல் ஏஜென்ட் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதத்தையும் வைத்திருக்க வேண்டும். சென்டரில் உட்கார வைத்து "ஒருத்தி கட்டலன்னா யாரும் எழுந்து போகக்கூடாது" என்று சொல்லும் இடத்தில், அம்மாவோடு படித்த பிள்ளை ஒருவர் போய் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொன்னாலே பேச்சின் தொனி மாற வாய்ப்பு உண்டு.

செட்டில்மென்ட் என்ற இனிப்பு

சில மாதம் பாக்கி விழுந்த பிறகு ஏஜென்டே ஒரு ஆஃபரோடு வருவார். "ஒன்னே முக்கால் லட்சம் பாக்கி, எண்பதாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்." ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் 8 விதிமுறை இப்படிப்பட்ட சமரசத் தீர்வை அனுமதிக்கிறது. ஆனால் இதுவும் தவணைக் குறைப்பும் ஒன்றல்ல. தவணைக் குறைப்பில் கடன் உயிரோடு இருக்கும், மெதுவாக அடையும். செட்டில்மென்டில் கடன் முடிந்துவிடும், ஆனால் சிபில் அறிக்கையில் 'அடைக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில் செய்யப்பட்டது' என்று வரும். அடுத்து கடன் கேட்கும் இடத்திலெல்லாம் அது கேள்வியாக வந்து நிற்கும். சமரசம் செய்துகொண்ட நிறுவனமே, விவசாயக் கடன் தவிர மற்றவற்றுக்கு, குறைந்தது 12 மாதம் புதுக்கடன் கொடுக்கக் கூடாது. மூன்று நாலு வருஷத்தில் வீட்டு லோன் போட நினைக்கும் 27 வயதுக்காரர், ஒரு வருஷக் கஷ்டத்துக்காக இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நன்றாக யோசிக்கணும். வருமானம் திரும்ப வழியே இல்லாதவருக்கோ இது நல்ல கதவுதான்.

எதுவானாலும், நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கடன் கணக்கு எண்ணோடு, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், இதோடு கடன் முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகத்தோடு கடிதம் வந்த பிறகே பணம். அதுவும் நிறுவனத்தின் கடன் கணக்குக்கு மட்டும். ஏஜென்டின் ஜிபே நம்பருக்கு அனுப்பிய பணம் கடனில் வரவு ஆகவில்லை என்றால் அதை நிரூபிக்கும் அலைச்சல் கட்டியவருக்குத்தான். கட்டி முடித்ததும் என்ஓசி வாங்கி, கொஞ்ச நாள் கழித்து சிபில் அறிக்கையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஜெயிலுக்குப் போகணுமா?

கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை, சிவில் விவகாரம். ஆனால் இதை முழுசாக நம்பி அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. கொடுத்து வைத்த செக் பவுன்ஸ் ஆனால் காசோலைச் சட்டம் 138ஆவது பிரிவிலும், ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினால் 2007 பணப் பட்டுவாடா சட்டம் 25ஆவது பிரிவிலும் கிரிமினல் வழக்கு போட முடியும். அதற்கு முன் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், கிடைத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 15 நாள் அவகாசம் உண்டு. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் 'அரெஸ்ட் வாரன்ட்' படத்துக்குப் பயப்பட வேண்டாம். தபால்காரர் கொண்டு வரும் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

மிகப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஏஜென்டின் வாயை அடைக்க தண்டலில் கை வைப்பது. 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் கட்டச் சொன்னால், பார்க்க 1,500 ரூபாய் வட்டி மாதிரிதான் தெரியும். அசல் தினமும் குறைவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டிய வட்டி அது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்தாயிற்று. 18 சதவீதக் கடனுக்கு விதி பேச ரிசர்வ் வங்கி இருக்கிறது, தண்டல்காரரிடம் எந்தக் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போடுவது?

ஊர்ப்பேச்சில் 'மஞ்சள் நோட்டீஸ்', 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்பதெல்லாம் இன்னும் உயிரோடு இருப்பதற்கும் காரணம் உண்டு. சாதாரண மனிதரின் திவால் மனு இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தில்தான் ஓடுகிறது. மனு போட 500 ரூபாய் கடன் இருந்தாலே போதும் என்று எழுதி வைத்த காலத்துச் சட்டம். 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில், ஆண்டு வருமானம் 60,000க்கு மேல் போகாத, சொத்து 20,000க்குள் உள்ள, சொந்த வீடு இல்லாத ஏழைக்கு 35,000 ரூபாய் வரையிலான கடனைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க ஒரு அத்தியாயமே இருக்கிறது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பெரிய கம்பெனிகள் அதே சட்டத்தில் பாக்கியைக் குறைத்துக்கொண்டு மீண்டு வருகின்றன. குழு லோன் வாங்கிய பெண்ணுக்கான பக்கம் மட்டும் புத்தகத்திலேயே இருக்கிறது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்கவும், 2021 மே மாதம் தனிநபர் கடனை மாற்றியமைக்கவும் ரிசர்வ் வங்கியே வழி செய்தது. அரசும் ரிசர்வ் வங்கியும் நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஊரே சேர்ந்து முடங்கினால் கிடைக்கும் சலுகை, ஒருவர் மட்டும் முடங்கும்போது ஏன் அவருடைய பேச்சுத் திறமைக்கு விடப்படுகிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.

பதில் வராவிட்டால்

நிறுவனத்துக்கு எழுதி 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆன்லைனில் புகார் போடலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. மிரட்டல், ஆபாசப் பேச்சு, படத்தை மார்ஃபிங் செய்வது என்று லோன் ஆப் ஆட்கள் இறங்கினால் காத்திருக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட், கால் பதிவோடு 1930க்கு அல்லது காவல் நிலையத்துக்கு.

இன்னொரு வழி, பலர் மறந்துவிடுவது, லோக் அதாலத். கேஸ் போடும் முன்பே அங்கே விண்ணப்பிக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. கீழ்பென்னாத்தூர்க்காரர் திருவண்ணாமலை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், அல்லது 15100க்கு போன் செய்யலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால் வரும் தீர்வுக்கு கோர்ட் டிக்ரியின் பலம், அதன் மேல் அப்பீல் இல்லை. அப்பீல் இல்லை என்பது கடன்தாரருக்கும் சேர்த்துத்தான். அங்கே ஒத்துக்கொள்ளும் தவணைத் தொகை, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்ட அதே தொகையாக இருக்கட்டும்.