எழுத்துக்கும் வரிசை உண்டு

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில், கரைசேர்ந்த முத்துகளைத் தரம் பிரிப்பதற்குப் பித்தளைச் சல்லடைகள் பல இருந்தன. ஒவ்வொன்றின் துளையும் ஒவ்வோர் அளவினது. ஒரு சல்லடையில் தங்கியவை யாவும் ஓர் இனம். அதனின்றும் நழுவியவை அடுத்த இனம். நிறமும் ஒளியும் உருட்சியும் பின்னரே பார்க்கப்படும். பிரிப்பவர் தம் கண்ணை மட்டும் நம்பி, “இது பெரிது, அது சிறிது” என்று ஒதுக்கியிருப்பாராயின், காலையில் பெரிதாகத் தோன்றியது மாலையில் சிறிதாகத் தோன்றியிருக்கும். விற்போருக்கும் வாங்குவோருக்கும் இடையே வழக்கு ஓய்ந்திராது.

இக்காலத்து மாணவர்கள் கணினியில் ஆக்கித் திரையில் காட்டும் படவில்லைகளுக்கும் இத்தகைய சல்லடை ஒன்று வேண்டியிருக்கின்றது. நான்கு மாணவர் கூடி, அரிப்பிலே ஆளுநர் பிரடெரிக் நோர்த் கட்டுவித்த டொரிக் மாளிகையைப் பற்றி ஒரு நிகழ்த்துகை தயாரிக்கின்றனர் என்று கொள்வோம். ஆளுக்கு ஐந்து படவில்லைகள். ஒருவர் தலைப்பைச் சிவப்பிலே பெரிதாக இடுகின்றார். மற்றவர் நீலத்திலே சிறிதாக இடுகின்றார். மூன்றாமவர் நடுவில் வைத்ததை நான்காமவர் இடப்புறம் ஒதுக்குகின்றார். இருபதையும் ஒன்றாகக் கோத்துத் திரையில் ஓட்டும்போது, பார்ப்போர் மனம் கட்டடத்தின் வரலாற்றை விட்டு, “ஏன் இங்கு நிறம் மாறியது? இது புதிய பகுதியோ?” என்று அலைகின்றது.

பலர் இதனை அழகுபற்றிய விஷயம் என எண்ணுகின்றனர். அஃது அன்று. ஒரே தோற்றமுடையவை ஒரே தகுதியுடையவை. பெரிய எழுத்து முதன்மையானது. உள்ளே தள்ளி எழுதப்பட்டது துணைச் செய்தி. எழுதுவோர்க்கும் பார்ப்போர்க்கும் இடையே உள்ள சொல்லாத உடன்பாடு இதுவே. அதனை மீறுவோர் தாம் அறியாமலே பிறரைத் திசைதிருப்புகின்றனர்.

இதனால் விளையக்கூடிய இடர் எத்தகையது என்பதற்கு 2003 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். அவ்வாண்டு ஜனவரி 16 இல் கொலம்பியா என்னும் அமெரிக்க விண்ணோடம் மேலெழுந்தபோது, நுரைக்கட்டி ஒன்று பெயர்ந்து அதன் இடச்சிறகில் மோதிற்று. ஓடம் விண்ணில் இருக்கையிலேயே பொறியியலாளர்கள் அம்மோதலை ஆராய்ந்து, படவில்லைகளாக அதிகாரிகள் முன் வைத்தனர். அவற்றுள் ஒன்றில், மேலே பெரிய எழுத்திலிருந்த தலைப்பு மன ஆறுதல் தருவதாக இருந்தது. கீழே, மிகச் சிறிய எழுத்து வரியொன்றிலேதான் உண்மை கிடந்தது: பழைய சோதனைகளிற் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், இப்போது மோதியதற்கு அவர்கள் கொண்ட மதிப்போ 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு! கன அங்குலம் என்னும் அலகுகூட அந்த ஒரே படவில்லையில் இடத்துக்கு இடம் வேறு வகையாக எழுதப்பட்டிருந்தது. பெப்ரவரி 1 இல் ஓடம் சிதைந்து எழுவர் மாண்டனர். அந்த விபத்துக்குப் படவில்லையே காரணம் என்று எவரும் சொல்லார். ஆயினும், உயிருக்கு ஆபத்தான செய்தி என்பதே தெரியாதவாறு அது அமைந்திருந்தமையை விசாரணைச் சபை தன் அறிக்கையிற் கண்டித்தது. எட்வேர்ட் டஃப்டி என்னும் பேராசிரியர் அதனை வரி வரியாக ஆராய்ந்து எழுதினார்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. மும்மொழியிலும் ஆக்கப்படும் படவில்லையில் ஒரு மொழி பெரிதாகவும் மற்றொன்று அடியிலே பொடி எழுத்தாகவும் அமையுமாயின், அளவே தகுதியைப் பேசிவிடும். மூன்றுக்கும் ஒத்த அளவும் ஒத்த இடமும் கொடுப்பதே முறை.

இனிச் செய்முறைக்கு வருவோம். 1987 இல் வெளிவந்த பவர்பொயின்டை இன்று அறியாத மாணவர் அரியர்; ஆனால் அதனுள் இருக்கும் “ஸ்லைட் மாஸ்டர்” என்னும் தலைமைப் படவில்லையைத் திறந்து பார்த்தவர் சிலரே. நாம் மேலே சொன்ன சல்லடை அதுதான். தலைப்பின் எழுத்துரு, அளவு, நிறம், இடம் ஆகியவற்றை அங்கே ஒருமுறை வகுத்துவிட்டால் எல்லாப் படவில்லைகளும் அதற்கு அடங்கி நடக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: தலைப்பையும் உரையையும் அவற்றுக்கென அமைந்த கட்டங்களிலேயே எழுதவேண்டும். நாமாக வரைந்த பெட்டியில் எழுதினால் தலைமையின் அளவும் இடமும் அதற்குச் செல்லா. பிறிதோரிடத்திலிருந்து எடுத்து ஒட்டும்போது எழுத்தை மட்டும் ஒட்டுக. பழைய கோலத்தையும் உடன் கொணரவேண்டா.

உரை மிகுந்தால் அக்கருவி எழுத்தைத் தானே சுருக்கிவிடும் வழக்கம் உடையது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை ஆதலின் இது நமக்கு அடிக்கடி நேர்கின்றது. ஒன்றில் 28 ஆக இருந்த அளவு அடுத்ததில் 20 ஆகிவிடும். அப்போது செய்தியை இரு படவில்லைகளாகப் பிரிப்பதே தக்கது.

தமிழுக்கே உரிய தொல்லைகளும் இரண்டு உள. முதலாவது, இலங்கையில் நெடுங்காலம் வழங்கிவரும் பாமினி போன்ற எழுத்துருக்கள். அவற்றில் ‘அ’ என நாம் காண்பது உண்மையில் ஆங்கில ‘எம்’ எழுத்தின் மேற்போர்த்திய உருவமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் போர்வை நீங்கி, ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றி நிற்கும். தலைமன்னார் மாணவன் வீட்டில் ஆக்கியது மன்னார் நகர மண்டபத்தில் வாசிக்க இயலாததாய் முடியலாம். 1991 இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யுனிக்கோட் முறையில் எழுதினால், எழுத்துரு மாறினும் சொல் அழியாது.

இரண்டாவது, பவர்பொயின்ட் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவும் தமிழ் முதலிய எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவும் வைத்திருக்கின்றது. எண்கள் ஆங்கிலத்தின் பக்கமே சேரும். ஆகவே ஒரே வரியில் சொல் ஒரு கோலத்திலும் ஆண்டு மற்றொரு கோலத்திலும் நிற்கக் காண்கின்றோம். இரண்டையும் இணங்குவனவாகத் தெரிந்து, தலைமைப் படவில்லையிலேயே அமைத்துவிடுதல் நன்று.

எல்லாம் முடிந்தபின், படவில்லைகளை விரைவாக ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பாருங்கள். தலைப்பு அசையாமல் ஓரிடத்திலேயே நின்றால் வேலை செம்மை. துள்ளினால் அங்கே திருத்தம் வேண்டும். பிறகு வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை அறையின் கோடியில் அமர்த்தி, “இதில் முதன்மையான செய்தி எது?” என்று கேளுங்கள். நீங்கள் எண்ணியதையே அவரும் சொல்வாராயின், அஞ்சாமல் மேடை ஏறலாம்.