அந்த சோக மூஞ்சிக்கு லைக் போடுறதுக்கு முன்னாடி

ப்ளட்ஹவுண்ட் நாயோட ரீல்ஸ் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். நெற்றியெல்லாம் மடிப்பு, தொங்கித் தரையைத் தொடும் காது, அரியர் லிஸ்ட்டைப் பார்த்தவன் மாதிரி ஒரு பார்வை. கீழே வரிசையா "சோ க்யூட்". அந்தப் பார்வை எங்கிருந்து வருதுன்னு யோசிச்சீங்களா? கீழ் இமை தொங்கி, உள்ளே இருக்க வேண்டிய சிவப்புச் சதை வெளியே தெரிகிறது. கால்நடை மருத்துவர்கள் இதை எக்ட்ரோபியன் என்பார்கள். தூசி விழும், கண் உலரும், புண்ணாகும். அதாவது நாம லைக் போடுறது ஒரு கண் நோய்க்கு.

பெயரைக் கேட்டு இதை ரத்தவெறி பிடித்த நாய்னு நினைக்காதீங்க. 'நல்ல ரத்தம்', அதாவது கலப்பில்லாத வம்சம் என்ற பொருளில் வந்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பகுதியில் புனித ஹூபர்ட் மடத்துத் துறவிகள் வளர்த்த வேட்டை நாய்கள்தான் இதன் முன்னோர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்துப் பக்கம் 'ஸ்லூத் ஹவுண்ட்' என்று ஒரு மோப்ப நாய் இருந்தது. ஸ்லூத் என்றால் தடம். துப்பறிவாளரை ஆங்கிலத்தில் 'ஸ்லூத்' என்கிறோமே, அது அந்த நாயிடமிருந்து வந்த சொல். ஷெர்லாக் ஹோம்ஸுக்கே பட்டப்பெயர் கொடுத்த பரம்பரை!

வேலையிலும் கில்லாடி. மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே 1977 ஜூனில் டென்னசி மாநிலச் சிறையிலிருந்து தப்பினான். மூன்றாம் நாள், மலைக்காட்டில் இலைக் குவியலுக்குள் பதுங்கியிருந்தவனைக் கண்டுபிடித்தவை ப்ளட்ஹவுண்டுகள். இத்தனைக்கும் இது கடிக்கிற ஜாதி இல்லை. கண்டுபிடித்த ஆளை நக்கிக் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தத் திறமை எங்கே இருக்கு? மூக்குக்குள்ளே. மனிதருக்கு மணம் அறியும் செல்கள் சுமார் 50 லட்சம். ப்ளட்ஹவுண்டுக்கு 30 கோடி வரை என்று சொல்கிறார்கள். நாய் மூச்சை இழுக்கும்போது காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நுரையீரலுக்கு, ஒரு பகுதி மட்டும் பின்னால் இருக்கும் மண அறைக்கு. வெளியே விடும் மூச்சோ மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போகிறது. அதனால் முன்னால் இருக்கும் மணம் கலைவதில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய டிசைன்.

'காது தரையைக் கூட்டி மணத்தைக் கிளப்பும், மடிப்பு அதைப் பிடித்து வைக்கும்' என்றும் ஒரு விளக்கம் சுற்றுது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் லாப்ரடாரும் மாலினாய்ஸும் ஒரு மடிப்பும் இல்லாமல் மோப்ப வேலையில் கலக்குகின்றனவே! ஆன்ஸரை முதலில் எழுதிட்டு ரீடிங்ஸை அப்புறம் நிரப்புற லேப் ரெக்கார்டு மாதிரிதான் எனக்கு இது படுகிறது. நாயின் தோல் தொங்கத் தொங்க, அதற்கு ஒரு காரணமும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

கண் மட்டும் இல்லை. மூடிய கனமான காதுக்குள் காற்று போகாமல் அடிக்கடி தொற்று வரும். எல்லாவற்றையும் விடக் கொடியது வயிறு. இதன் நெஞ்சுக்கூடு ஆழமானது. இரைப்பையில் காற்று நிறைந்து அது அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு வாயும் அடைபடும். உள்ளே போனது வெளியே வராது. அழுத்தம் ஏற ஏற, இதயத்துக்குத் திரும்பும் ரத்தக்குழாய் நசுங்கும். சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிர் போய்விடும். இரைப்பையை வயிற்றுச் சுவரோடு முன்கூட்டியே தைத்துவைப்பது ஒரு தடுப்பு. பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் 2004 ஆய்வில், இறந்த ப்ளட்ஹவுண்டுகளில் மூன்றில் ஒன்று இந்த வயிற்று உப்பலால் போயிருந்தது. நடு ஆயுள் 7 வருஷம்கூட இல்லை.

2008-ல் பிபிசி ஆவணப்படம் ஒன்று இந்த வம்ச வளர்ப்பைத் தோலுரித்த பிறகு, அந்த கிளப் எல்லா இனங்களின் அளவுகோல்களையும் திருத்தியது. 2012 க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், கவலைக்குரிய 15 இனங்களின் வெற்றியாளர்களை மருத்துவர் தனியாகப் பரிசோதித்தார். ப்ளட்ஹவுண்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. நல்ல தொடக்கம், மறுக்கலை. ஆனாலும் மோப்பத்துக்காக உருவான நாய்க்கு முகத்தைப் பார்த்துக் கப் கொடுப்பது என்ன லாஜிக்? ஓடிப்போன மனிதனின் இயல்பான மணத்தை மட்டும் வைத்துத் தடம் பிடிக்கும் போட்டிகள் இங்கிலாந்தில் நெடுநாளாக நடக்கின்றன. அதில் தேறாத நாய்க்கு, கண் மூடித் திறக்கவே சிரமப்படும் நாய்க்கு, ஷோ மேடை எதுக்கு?

"தோற்றத்தை மாற்றினால் இனமே அழிஞ்சிடும்" என்பார்கள். முகத்தில் நாலு மடிப்பு குறைஞ்சா 30 கோடி செல்லும் கொட்டிப் போயிடாது.

பிளேஸ்மெண்ட் கிடைச்சு முதல் சம்பளத்தில் இப்படி ஒரு குட்டி வாங்கணும்னு உங்களில் சிலருக்கு ஆசை இருக்கலாம். விற்பவரிடம் விலைக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: இதன் தாத்தா பாட்டி எத்தனை வயசு வரை இருந்தாங்க? எதனால் செத்தாங்க? "தாத்தா சாம்பியன் சார்" என்று மட்டும் பதில் வந்தால், போனை வெச்சுடுங்க.