கொரியாவில் ஒரு முழுக்கு

மகள் தென் கொரியாவில் சுவோன் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள். போன ஜனவரியில் அவளைப் பார்க்கப் போனேன். மைனஸ் 10 டிகிரி. எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் விருத்தாசலத்து மார்கழிப் பனிதான். நான்கே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அம்மா, நாளைக்கு உன்னை ஜிம்ஜில்பாங் கூட்டிட்டுப் போறேன். வலியெல்லாம் பறந்துடும்" என்றாள்.

ஏதோ உடற்பயிற்சிக் கூடம் என்று நினைத்தேன். 'ஜிம்ஜில்' என்றால் ஒத்தடம், 'பாங்' என்றால் அறையாம். ஒத்தட அறை. நல்ல பேராக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்து அவள் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது.

"பொம்பளைங்களுக்குத் தனிப் பக்கம்தான்மா. ஆனா அங்க உடம்புல பொட்டுத் துணி இருக்கக் கூடாது. எல்லாரும் அப்படித்தான் குளிப்பாங்க."

"நான் வரல" என்றேன்.

வெட்கம் மட்டும் காரணமில்லை. இதுவரை இந்தப் பகுதியில் நான் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். என் முதுகு, இடுப்பு, முழங்கை எல்லாம் வெண்புள்ளிகள். மகள் பிறந்த பிறகு வந்தவை. அவளுக்கு 3 வயதிருக்கும்போது மாசி மகத்தன்று மணிமுத்தாற்றில் குளிக்க இறங்கினேன். பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டியிருந்தாலும் முதுகு தெரியுமில்லையா? பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "நீ அந்தாண்ட தள்ளிப் போய்க் குளிம்மா, குழந்தை குட்டிங்க இருக்கு" என்றார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு 24 வருஷம் நான் ஆற்றில் இறங்கவில்லை. முழங்கையை மறைக்கிற ரவிக்கைதான் போடுவேன். பெற்ற மகளே என் முதுகைப் பார்த்ததில்லை.

அவளுக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் கட்டாயப்படுத்தவில்லை. "வாசல் வரைக்கும் வாம்மா. பிடிக்கலைன்னா திரும்பிடலாம்" என்றாள். போனோம்.

வாசலில் செருப்பை வைக்க ஒரு சின்ன பெட்டி. ஆளுக்குச் சுமார் 15,000 வொன், நம் காசுக்கு ஏறத்தாழ 900 ரூபாய். கையில் மாட்டிக்கொள்ள எண் போட்ட சாவி, துண்டு, ஒரு டி ஷர்ட், அரை டிராயர் தந்தார்கள். அந்த உடுப்பு குளித்து முடித்த பிறகு போட்டுக்கொள்ள. ஆணும் பெண்ணும் குடும்பமாக உட்காரும் பொதுக்கூடமும் சூட்டு அறைகளும் தனி. குளியல் பகுதி மட்டும்தான் பிறந்த மேனி.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பாட்டி. 80 வயது இருக்கும். முதுகு கூனி, வயிறு மடிப்பு மடிப்பாக, சாவகாசமாகத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரசவத் தழும்போடு ஒரு பெண். ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் அவள் அம்மாவும். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் போல அவரவர் வேலையில் இருந்தார்கள்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. 2011-ல் பூசான் நகரத்தில், உஸ்பெகிஸ்தானில் பிறந்து கொரியக் குடியுரிமை பெற்ற ஒரு பெண்ணை, பார்க்க வெளிநாட்டவராக இருக்கிறார் என்று சொல்லி ஒரு குளியலகம் உள்ளே விடவில்லை. அவர் அந்நாட்டு மனித உரிமை ஆணையம் வரை போனார். இந்தச் செய்தியை மகளே எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தாள். கறுப்புத் தோல், அதில் வெள்ளைத் திட்டு. என்னை விடுவார்களா?

துணியைக் கழற்ற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. மகள் சுவரைப் பார்த்து நின்றாள். கடைசியில் "வாடி" என்றேன். திரும்பினாள். என் முதுகைப் பார்த்தாள். "ஏம்மா, இதுக்கா இத்தனை வருஷம்?" என்றாள். அவ்வளவுதான்.

தொட்டியில் இறங்குமுன் ஒரு சட்டம் உண்டு. குட்டை முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகே இறங்க வேண்டும். தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும். தொட்டி ஊறத்தான், அழுக்குப் போக்க அல்ல. சூட்டுத் தொட்டி 40 டிகிரி பக்கம். எங்கள் வீட்டு அண்டாவில் தீபாவளிக்குக் காய்ச்சிய வெந்நீர் போல. கழுத்து வரை அமிழ்ந்ததும் இடுப்புப் பிடிப்பு மெல்லத் தளர்ந்தது. பக்கத்திலேயே பச்சைத் தண்ணீர்த் தொட்டி. அதில் கட்டைவிரலை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டேன்.

அரை மணி ஊறிய பிறகு தேய்ப்பு. பச்சை நிறத்தில் சொரசொரப்பான ஒரு கைத்துணி. பேர் 'இத்தாலி துண்டு'. இத்தாலியில் அப்படியொரு துண்டே கிடையாது. 1960-களில் பூசானில் உருவானது. இத்தாலியிலிருந்து வந்த துணியில் செய்ததால் அந்தப் பேர் நிலைத்துவிட்டது. நம் பீர்க்கங்காய் நாருக்குத் தம்பி என்று வையுங்கள். தோலில் இருந்து அழுக்கு திரி திரியாக உருண்டு வருகிறது. காசு கொடுத்தால் தேய்த்துவிடவே ஆட்கள் இருக்கிறார்கள். அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொள்வதும் உண்டு. தனியாக வந்தவர் பக்கத்து ஆளிடம் முதுகைக் காட்டுவதும் அங்கே பழைய வழக்கம்தான்.

அப்படித்தான் அந்தக் கூன் பாட்டி என் பின்னால் வந்து உட்கார்ந்தார். ஏதோ சொன்னார். "முதுகு எட்டாதே, தேய்ச்சு விடட்டுமான்னு கேக்கறாங்கம்மா" என்றாள் மகள்.

எனக்குக் குரலே வரவில்லை. அதோடு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. வெண்புள்ளி உள்ளவர்கள் தோலை அழுத்தித் தேய்க்கக் கூடாது. உராய்ந்த இடத்தில் புதிய புள்ளி வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மகள் அதைப் பாட்டியிடம் விளக்கினாள். கொரிய மொழியில் இதற்கு 'பேக்பன்ஜுங்'. வெள்ளைப் புள்ளி நோய் என்றே பொருளாம். பாட்டி "ஆ..." என்று தலையாட்டினார். இப்போது எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் பச்சைத் துணியைக் கீழே போட்டார். வெறும் கையில் சோப்பை நுரைக்கவிட்டு, என் தோளில் இருந்து இடுப்பு வரை, குழந்தைக்குப் போடுவது போலப் போட்டுவிட்டு, இரண்டு கிண்ணம் வெந்நீர் ஊற்றினார்.

24 வருஷம் கழித்து என் முதுகில் ஒரு கை பட்டது. முகத்தில் வழிந்தது வெந்நீரா, கண்ணீரா என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு அவர் திரும்பி உட்கார்ந்து, தன் முதுகைக் காட்டினார். நான் தேய்த்துவிட்டேன்.

உடுப்பு மாட்டிக்கொண்டு சூட்டு அறைக்குப் போனோம். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய கவிழ்த்த பானை போன்ற அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கால் வைத்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. அது அப்படியே ஒரு சூளை!

எங்கள் அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர். பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை எல்லாம் வெந்து, சூளை ஆறி, கதவுச் செங்கலைப் பிரித்ததும் சரக்கை இறக்க உள்ளே போவார். "இதுல கால் மணி நின்னா முதுகு வலி ஓடிடும்" என்பார். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோன எனக்கு அந்த மண் சூட்டு வாசனை தெரியும். கொரியர்களும் ஆதியில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். மண்கூண்டுக்குள் பைன் விறகை எரித்து, தணலை வாரிவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு அந்த மிச்சச் சூட்டில் உட்காருவார்களாம். 1400-களில் ஆண்ட சேஜோங் மன்னர் காலத்து ஆவணங்களிலேயே நோயாளிகளுக்கான வியர்வைக் கூடங்கள் பற்றிய குறிப்பு இருக்கிறது. கரி சுட்ட சூளை ஆறும்போது உள்ளே உட்காருகிற இடங்கள் இன்றும் உண்டு. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஒரு எச்சரிக்கை. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சூட்டுக்குள் போகக் கூடாது. மற்றவர்களும் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். நாங்கள் சூட்டில் வைத்த பழுப்பு முட்டையும், 'சிக்கே' என்ற இனிப்பான சோற்றுப் பானமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தரையிலேயே படுத்துத் தூங்கினோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

ஊர் திரும்பியதும் மாசி மகம் வந்தது. மணிமுத்தாற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர். எல்லோரும் இறங்கும் படியிலேயே நானும் இறங்கினேன். ஒரு அம்மா என் முதுகைப் பார்த்துவிட்டு இரண்டு படி தள்ளிப் போனார். போகட்டும். தள்ளிப் போக வேண்டியது நானில்லை.

வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல. தொட்டால், ஒரே தண்ணீரில் குளித்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் நிற அணுக்களையே தாக்குவதால் வருவது. 'குஷ்டம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் வீட்டில், தெருவில் யாருக்காவது இருந்தால், இந்தத் தீபாவளிக்கு அவர்கள் முதுகில் எண்ணெய் வைத்துவிடுங்கள். அழுத்தாமல், மெதுவாக.