பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப



கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் ஒரு பேச்சு எழுகிறது: இவ்வாண்டு பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, திற்பரப்பு அருவி என்ற அளவில் நின்ற அந்தப் பேச்சு, இன்று கேளிக்கைப் பூங்காக்கள் வரை நீண்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டில் 'வீகாலாந்து' என்ற பெயரில் தொடங்கப்பெற்று, இப்போது 'வொண்டர்லா' என வழங்கும் கொச்சிப் பூங்காவிற்கு நம் பேச்சிப்பாறைப் பகுதியிலிருந்து நள்ளிரவில் வேன் புறப்படுவது புதிய காட்சியன்று. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் நம்மவர் விடுமுறைக்கு வரும்போது, மடக்கி வைக்கத்தக்க தள்ளுவண்டி ஒன்றையும் கூடவே கொண்டு வருகின்றனர். அதில் கைக்குழந்தை அமர்ந்திருந்தால் எவரும் எதுவும் சொல்வதில்லை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளை அமர்ந்துவிட்டாலோ, "இத்தனை பெரிய பிள்ளைக்கு வண்டி எதற்கு?" என்று கேட்கப் பலர் முந்துகின்றனர்.

வளர்ந்த பிள்ளைக்குத் தள்ளுவண்டி தேவையா என்று தாய்மார் சிலர் என்னிடமும் கேட்டதுண்டு. சிறிய காரியந்தான். ஆயினும் பிள்ளையை எதுவரை தாங்குவது, எப்போது நடக்க விடுவது என்னும் பெரிய காரியம் அதனுள் அடங்கியிருப்பதால், சற்று நின்று சிந்திப்போம்.

வேண்டாம் என்போரின் நியாயத்தை முதலில் பார்ப்போம். நம் முன்னோர் குழந்தைக்குச் செய்து கொடுத்தது நடைவண்டி. மூன்று மரச்சக்கரங்களும் ஒரு கைப்பிடியும் கொண்ட அந்த வண்டியில் குழந்தை அமர்வதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, தானே தள்ளி, தானே நடக்கக் கற்றுக்கொள்கிறது. இன்றும் நம் மலைப்பகுதிப் பிள்ளைகள் ரப்பர் தோட்டங்களினூடே நடந்து பள்ளி செல்கின்றனர். காணி மக்களின் குடியிருப்புகளிலிருந்து, அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்து வரும் பிள்ளைகளும் உண்டு. மருத்துவ உலகமும் இதையே வற்புறுத்துகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் ஒரே தொடர்ச்சியாக ஒரு மணி நேரத்திற்கு மேல் வண்டியில் கட்டி வைக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஐந்து வயதைக் கடந்த பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று 2020-இல் அதே நிறுவனம் கூறியது. ஆகவே, நடக்க வல்ல பிள்ளையை வண்டியில் அமர்த்திப் பழக்குவது அன்பாகத் தோன்றினும், அன்பாகாது.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. கேளிக்கைப் பூங்காவில் செல்லும் நடை, பள்ளிக்குச் செல்லும் நடை போன்றதன்று. கொச்சி நமக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவு. இரவெல்லாம் வேனில் அரைத்தூக்கம்; காலையில் அவசர உணவு; பின்னர் வெயிலில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரிசை. நடப்பதைக் காட்டிலும் நிற்பதே பிள்ளைகளின் கால்களைத் தளர்த்துகிறது. மேனாட்டுப் பூங்காக்களோ பரப்பில் ஊர்களையே ஒத்தவை. அமெரிக்காவின் புளோரிடாவில் 1971-இல் திறக்கப்பட்ட டிஸ்னி வேர்ல்டின் ஒரு பூங்காவில், ஓர் ஏரியைச் சுற்றி வரும் பாதை மட்டுமே ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அங்கே வளர்ந்த பிள்ளைகளையும் வண்டியில் வைத்துத் தள்ளும் வழக்கம் மிகுந்து, வண்டிகளும் பெரிதாகி வழியை அடைத்தமையால், 79 சென்டிமீட்டர் அகலத்துக்கும் 132 சென்டிமீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை 2019 மே முதல் நாளிலிருந்து அனுமதிப்பதில்லை. அத்தகைய இடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை வண்டி கேட்டால் அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவே வழிகாட்ட மறைநூலில் ஓர் அழகிய நிகழ்ச்சி இருக்கிறது. பல்லாண்டுப் பகைக்குப் பின் யாக்கோபும் ஏசாவும் தழுவிக்கொள்கின்றனர். சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அண்ணன் அழைக்கிறார். தம்பியோ, பிள்ளைகள் மெல்லியர், மந்தையிலும் பால் குடிக்கும் குட்டிகள் உள்ளன, ஒரே நாள் விரைவாய் ஓட்டினாலும் அவை தாங்கமாட்டா, நீர் முன்னே செல்லும், நான் பிள்ளைகளின் நடைக்கு ஏற்ப மெதுவாக வருகிறேன் என்று பணிவுடன் விடை தருகிறார். தொடக்க நூலின் 33-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். நானூறு ஆட்களுடன் வந்த அண்ணனின் வேகம் அன்று அளவுகோலாகவில்லை; அக்கூட்டத்தில் மிகச் சிறிய காலின் வேகமே அளவுகோலாயிற்று.

நாம் செய்வது பலவேளைகளில் இதற்கு நேர்மாறானது. சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகலாகாது, எல்லா விளையாட்டையும் பார்த்துவிட வேண்டும் என்று விரைகிறோம். அந்த விரைவுக்குப் பிள்ளை ஈடுகொடுக்காதபோது வண்டியைத் தேடுகிறோம். அத்தகைய இடத்தில் தேவைப்படுவது வண்டியன்று, ஓய்வு. ஆறு விளையாட்டுகளை மூன்றாகக் குறைத்து, மதியம் ஒரு மணி நேரம் நிழலில் அமர்ந்தால், நலமுள்ள பெரும்பாலான பிள்ளைகள் மாலை வரை நடப்பர். மேலும் கடைகளில் கிடைக்கும் வண்டிகளுள் பல, 15 கிலோ அல்லது 22 கிலோ எடைக்கே செய்யப்பட்டவை; ஏழு வயதுப் பிள்ளையின் சராசரி எடையே ஏறத்தாழ 22 கிலோ. மாத்தூர் தொட்டிப் பாலத்தின் படிகளிலோ, குருசுமலை ஏற்றத்திலோ சக்கரத்தால் பயனில்லை. அங்கே தந்தையின் தோளும், உப்புமூட்டையுமே வண்டி.

எனினும் நலமுள்ள பிள்ளைகளை மட்டும் மனத்தில் வைத்து முடிவு சொல்லலாகாது. ஒருமுறை சுற்றுலாக் குழு ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வந்திருந்தான். தசைச்சிதைவு நோய் தொடங்கியிருந்தது. காலையில் எல்லாரையும் போலவே நடந்தான். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. நண்பகலுக்குள் இருமுறை விழுந்தான். தந்தை வண்டி கொண்டு வந்திருந்தார். ஆனால் அதை வேனின் இருக்கைக்கு அடியிலிருந்து எடுக்கவேயில்லை. "நாலு பேர் பார்ப்பார்கள், சுவாமி" என்றார். மற்றப் பிள்ளைகள் நீரில் ஆடி மகிழ்ந்த அந்தப் பிற்பகல் முழுவதும், அச்சிறுவன் வேனில் அமர்ந்து சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை அங்கே அமர்த்தியது நோய் மட்டுமன்று. நம் பார்வையும் நம் நாவும் அமர்த்தின. இதய நோய், மூச்சிரைப்பு, மூளை முடக்குவாதம், கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்கமாட்டாத ஆட்டிசம் ஆகியவற்றுள் பல வெளியே தெரிவதில்லை. வண்டியில் அமர்ந்த பெரிய பிள்ளையைக் காணும்போது, அதன் பெற்றோர் அறிந்த ஒன்றை நாம் அறியவில்லை என்று எண்ணுவதே கிறிஸ்தவப் பண்பு.

எனவே பெற்றோருக்குச் சில சொற்கள். வயதைக் கேளாதீர்கள், பிள்ளையின் கால்களைக் கேளுங்கள். மூன்று, நான்கு வயதுக் குழந்தை பகலில் உறங்கும் வழக்கமுடையதாயின் வண்டி நல்ல துணையே. ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளையோடு, பயணத்துக்கு முன் சில ஞாயிறு மாலைகளில் இரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். எங்கே தளர்கிறது என்று தெரிந்துவிடும். நோயுள்ள பிள்ளையாயின் மருத்துவரைக் கேட்டு, அதன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற சக்கர நாற்காலியையே நாடுங்கள். பூங்காவில் அது கிடைக்குமா என்று முன்னதாகத் தொலைபேசியில் விசாரியுங்கள். எடுத்துச் சென்ற வண்டியை மறைக்காதீர்கள். பிள்ளை இறங்கி நடக்க விரும்பும்போது தடுக்கவும் வேண்டாம்.

ஆண்டவர் தம் மக்களை எப்படி வளர்த்தார் என்பதை ஓசேயா இறைவாக்கினர் காட்டுகிறார்: கைகளைப் பிடித்து நடை பழக்கியவரும் அவரே, குனிந்து ஏந்திக்கொண்டவரும் அவரே. நடக்கச் செய்வதும் தாங்கிக்கொள்வதும் ஒரே அன்பின் இரு செயல்கள். எது எப்போது என அறிவதே பெற்றோரின் ஞானம். நாசரேத்திலிருந்து எருசலேம் வரை சிறுவர் இயேசுவுடன் பயணம் செய்த மரியன்னையும் சூசையப்பரும் அந்த ஞானத்தை நம் குடும்பங்களுக்குப் பெற்றுத் தருவார்களாக!