காய்ச்சல் இல்லை என்று கைவிரிக்கிறவர்களுக்கு



“கிழவிக்கு வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்.” தோட்டத்து மருந்துக் காம்பராவில் கேட்ட இந்தப் பேச்சைத் திருகோணமலை டவுனிலும் கேட்கிறோம். இது எத்தனை பேரைக் குழிக்குள் அனுப்பியது என்று எவரும் கணக்கு வைத்ததில்லை. கொழுந்தில் அரைக் கிலோ குறைந்தால் செக்ரோலில் ஏறும். இது எதிலும் ஏறாது.

1977 கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகு துறைமுகப் பக்கத்து ஆலைகளுக்கும் கடைகளுக்கும் வேலை தேடி வந்த பிள்ளைகளும் உண்டு. வேலையை விட்டு நின்ற தாய் தகப்பனை லயனிலிருந்து அழைத்துவந்து வைத்திருக்கிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான். அம்மா முப்பத்தெட்டு வருஷம் கூடை சுமந்தவர்.

போன ஆகஸ்ட், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்கள். அம்மா இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நடுராத்திரி எழுந்து, “பெரட்டுக்கு நேரமாச்சு, கூடை எங்கே?” என்று தேடினார். என்னைச் செத்துப்போன மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாசற்படியில் விழுந்தார். காலையில் பக்கத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். தெர்மோமீட்டரில் 99. “காய்ச்சல் இல்லை. வெக்கை, வயசு” என்று சொல்லி பனடோலும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாம் நாள் அம்மாவுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீர்க் கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. பதினொரு நாள் வார்ட்டில் கிடந்து பிழைத்தார். இன்றைக்குக் கோலூன்றி நடக்கிறார்.

வீட்டுக்கு வந்து நன்றாக இருக்கும்போது தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தோம். 97. அப்படியென்றால் அன்றைய 99 அவருக்கு இரண்டு டிகிரி ஏற்றம். தளர்ந்த முதியவருக்கு அதுவே காய்ச்சல். வாயில் வைத்துப் பார்த்து 100ஐத் தாண்டினாலும், திரும்பத் திரும்ப 99க்கு மேல் காட்டினாலும், வழக்கத்தைவிட இரண்டு டிகிரி கூடினாலும் சந்தேகப்பட வேண்டும் என்பது முதியோர் இல்லங்களுக்கான மருத்துவ வழிகாட்டலில் உள்ள விஷயம். கக்கத்தில் வைத்தால் இன்னும் குறைவாகவே காட்டும். கடுமையான கிருமித் தொற்று வந்த முதியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சூடு ஏறுவதே இல்லை. சிலருக்கு உடம்பு சில்லிட்டும் போகும். அது இன்னும் மோசம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நேற்றுவரை இருந்த மனுஷர் இன்றைக்கு அப்படியே இருக்கிறாரா என்று பாருங்கள். திடீரென்று ஆளை மாற்றிப் பேசுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, காரணமில்லாமல் விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, படுக்கையிலேயே சிறுநீர் போவது. மூச்சை ஒரு நிமிஷம் முழுதாக எண்ணுங்கள். 25க்கு மேல் போனால் நெஞ்சில் சளி கட்டியிருக்கலாம். முதுகிலும் குதிகாலிலும் புண் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சீனி வியாதிக்காரரின் காலை விரலிடுக்குவரை விரித்துப் பாருங்கள். பனடோல் கொடுப்பதற்கு முன் சூட்டைப் பார்த்து எழுதி வையுங்கள். பனடோல் சூட்டை இறக்கும், கிருமியைக் கொல்லாது. டாக்டர் பார்க்கும் நேரத்தில் தடயத்தையும் அழித்துவிடும்.

மழை தொடங்கினால் டெங்கு வேறு. 2017இல் நாடு முழுக்க 1,86,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அந்த மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு நமக்குத் தெரியும். டெங்கில் சூடு இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். “காய்ச்சல் விட்டது” என்று வீட்டில் படுக்க வைத்து இழந்தவர்கள் நம் அயலிலேயே உண்டு. காய்ச்சலுக்கு டைக்ளோபினாக், புரூபன் என்று கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இருதயத்துக்கு அஸ்பிரின் எடுக்கிறவர் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது. செய்வதற்கு நேரம் யார் கொடுத்தார்? மாமியாரை கிளினிக்குக் கொண்டுபோய்விட்டுப் பெரட்டுக்குப் பிந்தி வரும் மருமகளைத் திருப்பி அனுப்புகிறார்கள், இல்லையென்றால் அரைப்பேர். இங்கே மேன்பவரில் வேலை செய்கிறவனுக்கு வராத நாள் சம்பளமில்லாத நாள். தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. அந்தத் தோட்டத்தை உண்டாக்கிய கிழவனுக்கும் கிழவிக்கும் பகலில் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பூட்டிய லயன் காம்பராதான். ஐம்பதில் பெண்ணும் ஐம்பத்தைந்தில் ஆணும் சேமலாப நிதியை எடுத்தால் வீட்டுக் கடனுக்கும் கல்யாணத்துக்குமே தீர்ந்துபோகிறது. மாதாந்தப் பென்ஷன் கிடையாது.

நம் சங்கமும் யோக்கியமில்லை. கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்திலும் சரி, 2021இல் சம்பள நிர்ணய சபைக்குப் போன பிறகும் சரி, சம்பளமும் கிலோவும்தான் பேசினோம். சந்தா நின்ற அன்றைக்கே கிழவர்களை நம் பேரேட்டிலிருந்தும் எடுத்துவிட்டோம். “இது சங்கத்து வேலையா?” என்று கேட்கப்போகும் தலைவர்மாருக்கு ஒரு கேள்வி: செத்த வீட்டுக்கு மாலையோடு வருவது மட்டும் சங்கத்து வேலையா?

அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று விஷயத்தைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. லயனுக்கு ஒரு தெர்மோமீட்டர் சங்கப் பணத்தில் வாங்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ தேடி அலையாமல், காசில்லாமல் வரும் 1990 அம்பியூலன்ஸின் இலக்கத்தை ஒவ்வொரு கதவிலும் சோக்கில் எழுத வேண்டும். எதிர்க்கிறவர்கள் கூட்டத்துக்கு வந்து எதிர்க்கட்டும்.